வெளிநாட்டு மொபைல் போன் இறக்குமதி: கைமுதல் குறைவாக உள்ளவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

"துபாயிலிருந்து மச்சான் வருகிறார், பத்து போன் வாங்கிவரச் சொல்லி இங்கே விற்றால் அதுவே பிசினஸ் ஆகிவிடாதா?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஆகாது. பயணி பெட்டியில் கொண்டுவருவது சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். விற்பனைக்கு என்று தெரிந்தால் கஸ்டம்ஸ் பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம். தப்பி வந்தாலும் அந்தப் போனுக்கு பில் கிடையாது, பில் இல்லாத சரக்கை நம்பி எந்த நல்ல கடைக்காரரும் உங்களிடம் இரண்டாவது முறை வாங்கமாட்டார். அதனால் இங்கே நேர்வழியை மட்டும் எழுதுகிறேன். சென்னையில் இருந்து செய்பவருக்காக எழுதுவது, ஆனால் விதிகள் இந்தியா முழுக்க ஒன்றுதான்.

படி 1: எந்தப் போன்?

பெரிய பிராண்டுகளின் துபாய், ஹாங்காங் மாடல்களை மொத்தமாக இறக்கலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை. அதை விட்டுவிடுங்கள். இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு போனுக்கும் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம், வேறு நாட்டுச் சந்தைக்கென்று தயாரித்த பெட்டியில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. பழைய போன், பழுதுபார்த்துப் புதுப்பித்த ரீஃபர்பிஷ்டு போன் இரண்டுக்கும் டிஜிஎஃப்டியின் (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) தனி அனுமதி வேண்டும், புதிதாக வருபவருக்கு அது எளிதில் கிடைக்காது. மிச்சம் இருப்பது சீனாவின் ஷென்ஜென் பக்கத் தொழிற்சாலைகளில் நேரடியாக வாங்கும் கீபேட் போன், விலை குறைந்த ஸ்மார்ட்போன். கீபேட் போனில் தொடங்குங்கள். முடங்கும் பணம் குறைவு, வாங்குகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

படி 2: விலை பேசுவதற்கு முன்னால் பிஐஎஸ் பதிவு எண் (ஆர் நம்பர்)

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். பிஐஎஸ் பதிவு உங்கள் பெயரில் வருவதில்லை. தயாரிக்கும் தொழிற்சாலையின் பெயரில், அந்த முகவரிக்கு, அந்த பிராண்டுக்கு, அந்த மாடலுக்கு என்றுதான் கொடுக்கிறார்கள். வெளிநாட்டுத் தொழிற்சாலை என்றால் இந்தியாவில் அதற்கு ஒரு அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியும் இருக்க வேண்டும். புதிதாக ஒரு மாடலுக்குப் பதிவு வாங்க லேப் சோதனை, கட்டணம், காத்திருப்பு எல்லாம் உண்டு. முதல் முறை இருநூறு போன் இறக்கும் ஒருவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே ஏற்கெனவே பதிவு வைத்திருக்கும் தொழிற்சாலையைத் தேடுங்கள். அவர்கள் ஆர் என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்தால் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள்.

பார்க்கும்போது எழுத்துக்கு எழுத்து பாருங்கள். என் முதல் சரக்கில் சான்றிதழில் இருந்த மாடல் பெயர் ஒன்று, பெட்டியில் அதன் பின்னால் 'புரோ' என்று ஒரு சொல் கூடுதல். விற்பனைக்கு நன்றாக இருக்குமே என்று தொழிற்சாலையில் அவர்களாகச் சேர்த்தது. உள்ளே இருக்கும் போன் அதேதான், ஆனால் காகிதத்தில் அது வேறு மாடல். மீனம்பாக்கம் ஏர் கார்கோவில் சரக்கு பதினோரு நாள் நின்றது, ஒவ்வொரு நாளும் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போனது, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி ஒருவழியாக வெளியே எடுத்தபோது அந்த லாட்டில் லாபம் என்று எதுவும் மிஞ்சவில்லை. இப்போதெல்லாம் பெட்டி அச்சுக்குப் போகும் முன்பே அதன் படத்தை வாங்கி, சான்றிதழைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் முன்பணம் அனுப்புகிறேன்.

உங்கள் சொந்த பிராண்ட் பெயரைப் போட ஆசை என்றால், அந்தப் பெயர் பதிவில் ஏறிய பிறகுதான்.

படி 3: உங்கள் பக்கக் காகிதங்கள்

பான் கார்டும் நடப்புக் கணக்கும் இருந்தால் ஐஇசி எனப்படும் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டுக்கு டிஜிஎஃப்டி தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணம் ₹500, இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட் தேவையே இல்லை. வருடா வருடம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் அதை உறுதிப்படுத்த மறந்தால் செயலிழந்துவிடும். ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வயர்லெஸ் கருவி என்பதால் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் அந்த மாடலுக்கு ஈடிஏ எனப்படும் கருவி ஒப்புதல் இருக்க வேண்டும். பெட்டியில் விலை அச்சிட்டு விற்பதால் சட்டமுறை எடையளவுத் துறையில் இறக்குமதியாளர் பதிவு, மின்கழிவுக்காக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் ஈபிஆர் (விற்ற பொருள் கழிவானால் அதற்கும் பொறுப்பேற்பது) பதிவு. கடைசி இரண்டையும் பலர் விட்டுவிட்டு சரக்கு வந்த பிறகு ஓடுகிறார்கள்.

படி 4: சாம்பிளைக் கையில் வைத்துச் சோதிப்பது

சாம்பிளுக்கும் ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பதிவு வேண்டும், படி 7ஐப் பாருங்கள். போன் வந்ததும் முதலில் சிம்மைப் போடுங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது, 2ஜி மட்டும் உள்ள போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. 4ஜி போன் என்றால் 3, 5, 40 ஆகிய பேண்டுகள் (அலைவரிசைகள்) இருக்கின்றனவா, வோல்ட்இயில் (4ஜி வழியாகப் பேசும் வசதி) பேச முடிகிறதா என்று பேசியே பாருங்கள். அடுத்து கீபேட் போனில் 5 அல்லது 9 பொத்தானை அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போகும் அமைப்பு இருக்க வேண்டும், 2017 முதல் இது கட்டாயம். சோதிக்கும்போது அழைப்பை உடனே துண்டித்துவிடுங்கள். அப்புறம் தமிழில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். 22 இந்திய மொழிகளையும் வாசிக்கும் வசதி இருக்க வேண்டும் என்பது விதி. "கொடுத்தேன்" என்பதில் ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறிக் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த மாடல் வேண்டாம்.

படி 5: அடக்க விலை

இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். கீபேட் போன், 200 பீஸ், விமானச் செலவும் காப்பீடும் சேர்த்து ஒன்று ₹1,000 விழுகிறது என்று வைப்போம். மொத்தம் ₹2,00,000. அடிப்படைச் சுங்கவரி 15% (2024 ஜூலை பட்ஜெட்டில்தான் 20லிருந்து குறைந்தது), அதாவது ₹30,000. அந்த வரியின் மேல் 10% சமூக நலக் கூடுதல் வரி ₹3,000. இப்போது ₹2,33,000. இதன் மேல் 18% ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) ₹41,940. ஆக ₹2,74,940 கையில் இருந்தால்தான் சரக்கு வெளியே வரும்.

ஐஜிஎஸ்டியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் போன்கள் விற்று முடியும்வரை அந்த நாற்பதாயிரமும் முடங்கித்தான் இருக்கும். அதைத் தள்ளிப் பார்த்தால் ஒரு பீஸ் ₹1,165. கிளியரிங், வண்டி, லேபிள் எல்லாம் ₹15,000 ஆனது என்று வையுங்கள், பீஸுக்கு ₹75 ஏறி ₹1,240. இதில் கடைக்காரர் லாபம், உங்கள் லாபம், திரும்பி வரும் போன்கள் எல்லாம் அடங்க வேண்டும். விலையைக் குறைத்துக் காட்டி இன்வாய்ஸ் தருகிறேன் என்று சப்ளையர் சொன்னால் மறுத்துவிடுங்கள், கஸ்டம்ஸிடம் மற்றவர்கள் இறக்கிய விலைகளும் இருக்கின்றன.

படி 6: பணமும் பயணமும்

30% முன்பணம், மீதி சரக்கு ஏற்றும் முன் என்பது வழக்கம். வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள், சரக்கு வந்ததும் பில் ஆஃப் என்ட்ரியை (கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) வங்கியிலும் கொடுக்க வேண்டும். லித்தியம் பேட்டரி உள்ளே இருப்பதால் யுஎன் 38.3 என்ற பேட்டரி பாதுகாப்புச் சோதனை அறிக்கை இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். ஸ்பீக்கர், சார்ஜிங் ஜாக், கீபேட் போன்ற உதிரி பாகங்களையும் முதல் ஆர்டரிலேயே பேசிவிடுங்கள், அப்புறம் தனியாகக் கேட்டால் யாரும் அனுப்பமாட்டார்கள்.

படி 7: ஐஎம்இஐ, லேபிள்

2023 ஜனவரி 1 முதல், இறக்குமதியாகும் ஒவ்வொரு போனின் ஐஎம்இஐயையும் சரக்கு வரும் முன்பே அரசின் ஐசிடிஆர் தளத்தில் பதிந்து சான்றிதழ் வாங்க வேண்டும். இரண்டு சிம் போன் என்றால் ஒரு போனுக்கு இரண்டு எண். தொழிற்சாலை அனுப்பும் எக்செல் கோப்பில் ஒரு எண் மாறியிருந்தாலும் சிக்கல், அதனால் வந்து இறங்கியதும் நான்கைந்து பெட்டிகளைப் பிரித்து *#06# அடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், வருடம், புகாருக்கான தொலைபேசி எண் இருக்க வேண்டும். தொழிற்சாலையிலேயே ஒட்டி வாங்குவது நல்லது.

படி 8: கிளியரிங், விற்பனை

கஸ்டம்ஸில் உங்கள் சார்பில் காகித வேலை பார்க்கும் புரோக்கரைச் சரக்கு கிளம்பும் முன்பே பிடியுங்கள். எச்எஸ்என் எண் (பொருளின் வகையைச் சொல்லும் குறியீடு) ஸ்மார்ட்போனுக்கு 85171300, கீபேட் போனுக்கு 85171400. பில் ஆஃப் என்ட்ரி தாமதமானால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு ₹5,000, அதற்கு மேல் ₹10,000 கட்டணம்.

சரக்கு வெளியே வந்ததும் சென்னை ரிச்சி தெருவில் ஒரே மொத்த வியாபாரியிடம் 200ஐயும் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். என் வழி வேறு. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் ரிப்பேரும் செய்கிற சின்னக் கடைகள் பத்தைப் பிடித்து, ஆளுக்குப் பத்து போனும் ஒரு சின்ன உதிரி பாகப் பையும் கொடுப்பேன். பழுதாகி வரும் போனை அவரே அன்றைக்கே சரிசெய்து கொடுத்துவிடுவார். மீதி நூறைக் கையில் வைத்திருந்து, எந்தக் கடையிலிருந்து இன்னும் வேண்டும் என்று முதலில் அழைப்பு வருகிறதோ அங்கே அனுப்புவேன்.