சிஸ்கோ ரூட்டரில் டிரேஸ்ரூட்: நட்சத்திரக் குறிகள் வந்தால் எதைப் பார்ப்பது?

சேருமிடம்வரை வழியிலுள்ள ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளை ஓடும்போது ஒரு வரியில் முகவரி வராமல் மூன்று நட்சத்திரக் குறிகள் மட்டும் வந்தால், பாதை அங்கேயே அறுந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அனுப்பிய சோதனை பாக்கெட்டுக்குக் குறித்த நேரத்துக்குள் (சிஸ்கோவில் இயல்பாக 3 விநாடி) பதில் வந்து சேரவில்லை என்பதற்கு மேல் அந்தக் குறி எதையும் சொல்வதில்லை. டிடிஎல் மதிப்பு (ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் எண்) தீர்ந்துபோன பாக்கெட்டைக் கைவிட்டு, அனுப்பியவருக்கு ஐசிஎம்பி செய்தி (வலையமைப்பின் பிழை, சோதனை அறிவிப்பு) எழுதுவது பெரும்பாலும் ரூட்டரின் செயலி செய்யும் வேலை. பெரிய ரூட்டர்களில் மற்றப் பாக்கெட்டுகளைக் கடத்திவிடுவது தனி வன்பொருளின் வேலை. செயலியைக் காப்பதற்காக அந்தப் பதில்களுக்கு வரம்பு வைத்திருக்கும் ரூட்டர், போக்குவரத்தைக் குறையின்றிக் கடத்திக்கொண்டே நமக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்கக்கூடும்.

ஆகவே நட்சத்திரங்களுக்கு அடுத்த வரிகளை முதலில் பாருங்கள். அவற்றில் முகவரிகள் வந்தால் பாதை சரியாகவே இருக்கிறது. அந்த இடத்தில் திருத்த ஒன்றுமில்லை. கடைசி வரியில் நடுவில் மட்டும் ஒரு நட்சத்திரம் வருவதும் பழுதன்று. சேருமிடமும் சிஸ்கோ ரூட்டராக இருந்தால், அது சென்றடைய முடியாமைச் செய்தியை (சோதனை பாக்கெட் வந்து சேர்ந்ததும் சேருமிடம் தரும் ஐசிஎம்பி பதில்) அரை விநாடிக்கு ஒன்று என்ற அளவிலேயே அனுப்பும் என்பதால், முதல் சோதனைக்கும் மூன்றாவதுக்கும் பதில் வந்து இரண்டாவது விடுபட்டுப்போகிறது.

ஓரிடத்திலிருந்து இறுதிவரை நட்சத்திரங்களே வந்தால்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. 30 கட்டங்களும் (ஒரு ரூட்டருக்கு ஒரு கட்டம்) முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், 6 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கட்டளை நின்றுவிடும். பிறகு அதே சேருமிடத்துக்குப் பிங் (பதில் வருகிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை) அனுப்புங்கள். பிங் போகிறது, டிரேஸ்ரூட் மட்டும் நிற்கிறது என்றால், வழியில் ஒரு ஃபயர்வால் சோதனை பாக்கெட்டுகளைத் தடுக்கிறது என்று முதலில் ஐயப்படலாம். சிஸ்கோவும் லினக்ஸும் இயல்பாக யூடிபி என்ற முறையில் 33434 முதலான போர்ட் எண்களுக்குச் சோதனை பாக்கெட்டுகளை அனுப்புகின்றன. விண்டோஸோ பிங் பயன்படுத்தும் அதே ஐசிஎம்பி எக்கோவை அனுப்புகிறது. அதே ரூட்டருக்குப் பின்னுள்ள விண்டோஸ் கணினியிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இந்த ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எந்தப் பாக்கெட்டை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் உங்கள் ரூட்டரின் உள்வரும் அணுகல் பட்டியலையும் பாருங்கள்: டிடிஎல் தீர்ந்த செய்தியையும் சென்றடைய முடியாமைச் செய்தியையும் அது அனுமதிக்க வேண்டும்.

பிங்கும் போகவில்லை என்றால், பலரும் பார்க்கத் தவறும் திரும்பும் வழியைக் கவனியுங்கள். ரூட்டர் தான் அனுப்பும் சோதனை பாக்கெட்டுகளுக்கு வெளியேறும் இடைமுகத்தின் முகவரியையே மூல முகவரியாக வைக்கிறது. அந்த இணைப்பு முகவரிக்கு எதிர்ப்பக்கத்தில் ரூட் (எந்த வழியாக அனுப்புவது என்ற பதிவு) இல்லையென்றால், பாக்கெட் போய்ச் சேர்ந்தாலும் பதில் திரும்பாது. டிரேஸ்ரூட் என்று மட்டும் தட்டி என்டர் அழுத்தினால் ரூட்டர் ஒவ்வொரு விவரமாகக் கேட்கும். மூல முகவரி கேட்கும் இடத்தில் உள் வலையமைப்பின் இடைமுக முகவரியைக் கொடுங்கள். இப்போது பதில் வந்தால், முன்னோக்கிய பாதையில் குறையில்லை. இணைப்பு முகவரிக்கான ரூட்தான் அந்தப் பக்கத்தில் விடுபட்டிருக்கிறது அல்லது வடிகட்டப்படுகிறது. இப்போதும் வராவிட்டால், கடைசியாகப் பதில் தந்த ரூட்டரில் நுழைந்து சேருமிடத்துக்கான ரூட்டையும், அதற்கு அடுத்த ரூட்டரில் உங்கள் மூல முகவரிக்கான ரூட்டையும் சரிபாருங்கள். பழுது இந்த இரண்டு ரூட்டர்களில் எதிலும் இருக்கலாம் என்பதால் ஒன்றோடு நிறுத்திவிடக் கூடாது.

நட்சத்திரமே இல்லாமல் கட்டங்கள் குறைந்து தெரிவதும் உண்டு. சிஸ்கோ ஏஎஸ்ஏ ஃபயர்வால் இயல்பாக டிடிஎல் மதிப்பைக் குறைப்பதில்லை என்பதால் பட்டியலில் தோன்றாது. லேபிள்களைக் கொண்டு பாக்கெட்டுகளைக் கடத்தும் எம்பிஎல்எஸ் வலையமைப்புகளும் தம் உள் ரூட்டர்களை இவ்வாறு மறைத்துவைக்க முடியும்.

சேவை நிறுவனத்திடம் முறையிடும் நிலை வந்தால், பெயர்த் தேடலை நிறுத்திய எண் வடிவ வெளியீட்டை, பயன்படுத்திய மூல முகவரியுடனும் நேரத்துடனும் அனுப்புங்கள். முடிந்தால் எதிர்முனையிலிருந்து உங்களை நோக்கி ஓட்டிய டிரேஸ்ரூட்டையும் சேருங்கள். போகும் வழியும் வரும் வழியும் வேறுபடும்போது, ஒரு முனையின் வெளியீட்டை மட்டும் வைத்து அவர்களால் இடத்தைக் குறிப்பிட இயலாது.