முழுநேர ஃபார்மசிஸ்ட் வேலையோடு பெர் டியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் முழுநேரம் பார்த்துக்கொண்டே, வார இறுதியில் இன்னோர் இடத்தில் பெர் டியம் போவது ஃபார்மசிஸ்ட்டுகளிடையே சகஜம். ஆள் தேவைப்படும் நாளில் கூப்பிடுவார்கள். மணிக்கணக்கில் சம்பளம், மருத்துவக் காப்பீடோ சம்பளத்தோடு விடுப்போ பெரும்பாலும் கிடையாது. இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு காலை ஷிஃப்ட் எடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் எடுக்கிறார்கள். அதைப் பேசிப் பயனில்லை. புதிதாகச் சேர்கிறவர்கள் ஆண்டுதோறும் விழும் குழிகள் வேறு.

டபிள்யூ-4 படிவத்தின் இரண்டாம் படியைக் காலியாக விடுவது

சேரும் நாளில் கட்டுக் காகிதங்களோடு இந்தப் படிவமும் வரும். சம்பளத்தில் எவ்வளவு வருமான வரி பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்வது இதுதான். பெயர், முகவரி, கையெழுத்து, முடிந்தது. எச்.ஆர். மேசையில் இருப்பவரே "அதெல்லாம் வேண்டாம், கையெழுத்து போதும்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. அந்த இரண்டாம் படியே ஒன்றுக்கு மேற்பட்ட வேலை பார்ப்பவர்களுக்காக வைத்தது. மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி தள்ளியிருந்தால் கண்டுபிடிப்பவர்கள், தங்கள் பணம் பற்றிய இந்த ஒரே பக்கத்தைப் படிப்பதில்லை.

நடப்பது இதுதான். ஒவ்வொரு முதலாளியும் தான் கொடுப்பதுதான் உங்கள் மொத்த வருமானம் என்று எண்ணி வரி பிடிக்கிறார். நிலையான கழிவு (வரியில்லாமல் எல்லோருக்கும் கழித்துவிடும் தொகை) இரண்டு இடத்திலும் முழுதாகக் கழிகிறது. 10, 12 சதவீத அடுக்குகளும் இரண்டு முறை கிடைக்கின்றன. வரித்துறையான ஐஆர்எஸ் கணக்கில் இவையெல்லாம் ஒரு முறைதான்.

2024-ஆம் ஆண்டு எண்களை வைத்துப் பாருங்கள். தனி நபர், முழுநேரச் சம்பளம் 1,30,000 டாலர். பெர் டியத்தில் ஆண்டுக்கு 50 ஷிஃப்ட், தலா 10 மணி நேரம், மணிக்கு 60 டாலர்: 30,000 டாலர். பெர் டியம் இடத்தில் நிலையான கழிவான 14,600 டாலரைக் கழித்து, மீதி 15,400-க்கு ஏறக்குறைய 1,616 டாலர் வரி பிடிப்பார்கள். ஆனால் முழுநேரச் சம்பளமே 24 சதவீத அடுக்கைத் தொட்டுவிட்டதால், அந்த 30,000-க்கு உண்மையான வரி 7,200. பற்றாக்குறை 5,584 டாலர். செக் கனமாக வருகிறதே என்று ஆண்டு முழுக்க மகிழ்ந்ததற்கு ஏப்ரலில் வரும் பில் இது. அந்த 24 சதவீதத்தோடு சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகள் 7.65 சதவீதமும் போனால், மணிக்கு 60 என்று பேசிய சம்பளம் மாநில வரிக்கு முன்பே 41 டாலர். ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒப்புக்கொள்வதா என்று யோசிக்கும்போது இந்த 41-ஐ வைத்து யோசிக்க வேண்டும்.

இன்னொரு கண்ணி அபராதத்தில் இருக்கிறது. முந்தைய ஆண்டின் மொத்த வரிக்குச் சமமான தொகை பிடிக்கப்பட்டிருந்தால் குறைவாகக் கட்டியதற்கு அபராதம் இல்லை. ஆகவே முதல் ஆண்டு பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டாம் ஆண்டில் 'முந்தைய ஆண்டு' என்பதே இரண்டு வேலையும் சேர்ந்த ஆண்டு. அந்த வருமானம் 1,50,000-ஐத் தாண்டியிருந்தால் 110 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் நடப்பு ஆண்டு வரியில் 90 சதவீதம். இரண்டும் இல்லாமல், பாக்கி 1,000 டாலரும் அதற்கு மேலும் இருந்தால் அபராதம் விழும்.

சரிசெய்வது கடினமில்லை. இரண்டு வேலையின் சம்பளமும் ஏறக்குறைய சமம் என்றால் இரண்டு படிவத்திலும் 2-சி கட்டத்தில் குறி போடலாம். சிறிய சம்பளம் பெரியதில் பாதிக்கும் கீழே என்றால் அது வேண்டாம். தேவைக்கு மேல் பிடிப்பார்கள். அப்போது படிவத்தோடு வரும் பல வேலைகளுக்கான கணக்குத்தாளைப் போட்டு, வரும் தொகையை முழுநேர வேலையின் படிவத்தில் 4-சி வரியில் எழுத வேண்டும். மேலே சொன்ன ஆளின் பற்றாக்குறையை, இரண்டு வாரத்துக்கு ஒரு செக் என்று பிரித்தால், செக்குக்கு ஏறக்குறைய 215 டாலர். பெர் டியம் படிவத்தில் எழுதுவதில் பயனில்லை. ஷிஃப்ட் இல்லாத வாரம் பிடிக்கச் சம்பளமே இருக்காது. அக்டோபரில்தான் விழித்துக்கொண்டீர்களா? மீதியுள்ள செக்குகளில் தொகையைக் கூட்டுங்கள். சம்பளத்தில் பிடிக்கும் வரி ஆண்டு முழுதும் சமமாகப் பிடித்ததாகவே கொள்ளப்படும்; நீங்களாகக் கட்டும் காலாண்டுத் தவணைக்கு அந்தச் சலுகை இல்லை.

மாநில வரி தனி. நியூ ஜெர்சியில் குடியிருந்து பென்சில்வேனியாவில் ஷிஃப்ட் பார்த்தால், சம்பளத்துக்குக் குடியிருக்கும் மாநிலம் மட்டும் வரி போடும்படி இரு மாநில ஒப்பந்தம் இருக்கிறது. நியூயார்க்கில் பார்த்தால் இல்லை. இரண்டு மாநிலத்திலும் தாக்கல் செய்ய வேண்டும்.

401-கே

சம்பளத்திலிருந்து போடும் இந்த ஓய்வூதியச் சேமிப்புக்கு உச்சவரம்பு ஆளுக்கு, வேலைக்கு அல்ல. 2024-இல் 50 வயதுக்குக் கீழ் 23,000 டாலர்; லாப நோக்கற்ற மருத்துவமனைகள் தரும் 403-பி சேமிப்பும் இதே பானைதான். ஒரு முதலாளியின் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. மிகுந்ததை அடுத்த ஏப்ரல் 15-க்குள் திரும்ப எடுக்காவிட்டால் அதே பணத்துக்கு இரண்டு முறை வரி.

ஒரு மருத்துவமனையின் கைப்பழக்கம் இன்னொன்றில் ஓடுவது

திறமைசாலிகளுக்குத்தான் இது நடக்கும். முழுநேர இடத்தில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் நோர்எபினெஃப்ரின் 250 மி.லி. பையில் 4 மி.கி.; பெர் டியம் இடத்தில் அதே 250-இல் 16 மி.கி. நான்கு மடங்கு வித்தியாசம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் 25,000 யூனிட் ஓரிடத்தில் 250 மி.லி., இன்னோர் இடத்தில் 500. அளவை அங்கே ஏபிடிடி ரத்தப் பரிசோதனை பார்த்து மாற்றுவார்கள், இங்கே ஆன்டி-Xa பரிசோதனை; போலஸ் (ஒரே தடவையாகக் கொடுக்கும் டோஸ்) உச்சவரம்பும் வேறாக இருக்கும். வாங்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2020 வழிகாட்டுதலின்படி ஏயூசி (ஒரு நாளில் ரத்தத்தில் இருக்கும் மருந்தின் மொத்தக் கணக்கு) 400 முதல் 600 வரை வைப்பவர்கள் ஒரு பக்கம், பழைய 15–20 ட்ரஃப் (அடுத்த டோஸுக்கு முன் ரத்தத்தில் இருக்கும் மருந்து) அளவை விடாதவர்கள் மறுபக்கம்.

சட்டைப்பையில் குறிப்பட்டை வைத்துக்கொள்வது தீர்வல்ல. மூன்று மாதத்தில் அது பழசாகிவிடும். ஷிஃப்ட் தொடங்கியதும் அந்த மருத்துவமனையின் ஹெபரின், வாங்கோமைசின், இன்சுலின் நெறிமுறைப் பக்கங்களைத் திறந்து திருத்தத் தேதியைப் பாருங்கள். மருந்து ஏற்றும் பம்ப்பில் பதிந்திருக்கும் மருந்துப் பட்டியலில் உள்ள செறிவும் பையில் ஒட்டும் லேபிளும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். 'எங்கள் இடத்தில் இப்படித்தான்' என்று நாக்கில் வரும்போது கை நிற்க வேண்டும்.

சகோதர மருத்துவமனை

ஒரே குழுமத்தின் வேறு மருத்துவமனை என்றால் மணிநேரக் கூலிக்காரருக்கு இரண்டு இடத்து நேரமும் கூட்டப்படலாம். வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. அதனால்தான் பேச்சுவார்த்தையெல்லாம் முடிந்தபின் எச்.ஆர். மறுக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். வேறு முதலாளி என்றாலும் வெளிவேலை அனுமதியை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

1099-இல் சேர்வது

1099 என்றால் நீங்கள் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியில் முதலாளி கட்ட வேண்டிய பாதியையும் நீங்களே கட்டுவீர்கள்.

எச்-1பி-யில் இருந்துகொண்டு "ஒரே ஒரு ஷிஃப்ட்தானே"

இந்த வேலை விசா மனு போட்ட முதலாளிக்கு மட்டும். இரண்டாம் முதலாளி தனியாக ஐ-129 மனு போட வேண்டும். குடியேற்றத் துறை அதை முறையாகப் பெற்றுக்கொள்ளும் முன் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. உரிமம் இருப்பது வேறு, வேலை அனுமதி இருப்பது வேறு.

பெர் டியம் வருமானத்தை நம்பி வீட்டுக் கடன்

நோயாளிகள் குறைந்தால் முதலில் ரத்தாவது உங்கள் ஷிஃப்ட்.

விடுமுறைப் பட்டியல்

மாதத்துக்கு இத்தனை வார இறுதி, ஆண்டுக்கு ஒரு பெரிய விடுமுறை நாள் வேலைக்கு வர வேண்டும் என்று பெர் டியம் ஒப்பந்தத்தில் பல இடங்களில் நிபந்தனை இருக்கும். இரண்டு இடமும் தேங்ஸ்கிவிங் பட்டியலைத் தனித்தனியே போடும். முழுநேர இடத்தில் எந்த விடுமுறை நாளில் உங்களுக்கு வேலை விழுகிறது என்று தெரிந்தபிறகே பெர் டியத்தில் தேதி கொடுங்கள்.