கூறைப் பாவாடை, மராட்டி ரவிக்கை: இரு வழிப் பேத்திக்கு ஓர் உடை

போன்ஸ்லே மன்னர்களின் தஞ்சை ஆட்சி 1855இல் முடிந்த பின்னும் பல மராட்டியக் குடும்பங்கள் காவிரிப் படுகையிலேயே தங்கிவிட்டன. எங்கள் பேத்தியின் தாய்வழி அத்தகையது. தந்தைவழி மயிலாடுதுறைக் கூறைநாட்டைச் சேர்ந்தது. நாம் பாவாடை சட்டை என்பதை மராட்டியர் பர்கர் போல்கா என்பதால், ஒரு வீட்டுத் துணியில் பாவாடையும் மற்ற வீட்டுத் துணியில் சட்டையுமாகத் தைக்கலாம். இரண்டையும் துண்டாக்கி ஒட்டுப்போடும் இன்றைய பாணி எனக்கு உடன்பாடில்லை. எது யார் வீட்டுப் புடவை என்று பாட்டிகளுக்கே அடையாளம் தெரியாமல் போய்விடும்.

பாவாடைக்குத் தந்தைவழி வீட்டின் கூறைநாட்டுப் புடவையை எடுக்கிறோம். கூறைப்புடவை முகூர்த்தப் புடவை என்பதால், பெரியவர்களின் சம்மதம் பெற்ற பிறகே கத்தரியைத் தொட வேண்டும். பழைய புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நெடுநாள் மடித்து வைத்த கோடுகளில் இழை நைந்திருப்பது தெரியும். அந்த இடங்களை விலக்கிவிட வேண்டும். பட்டும் பருத்தியும் கலந்து கட்டம்போட்டு நெய்த துணி இது. வெட்டுவதற்கு முன்பே இதையும் பருத்தி லைனிங்கையும் தனித்தனியே தண்ணீரில் நனைத்து நிழலில் உலர்த்திவிடுங்கள். ஒருமுறை லைனிங்கை நனைக்காமலே தைத்துவிட்டேன். முதல் சலவையில் அது சுருங்கி, கரை முழுவதும் அலையாக நெளிந்துவிட்டது.

இடுப்பு 21 அங்குலம் என்றால் பாவாடைச் சுற்றுக்கு அதன் நான்கு மடங்கு, தையலுக்குரியதையும் சேர்த்து இரண்டரை கஜம் தேவைப்படும். உயரம் 24 அங்குலம் என்றால், வளரும் குழந்தைக்காக மூன்று டக் மடிப்புகளுக்கு 6 அங்குலமும் மேல் தையலுக்கு 1 அங்குலமும் கூட்டி, கீழ்க் கரையிலிருந்து 31 அங்குலம் அளந்து வெட்ட வேண்டும். புடவைக் கரையே அடிவிளிம்பாகிவிடுவதால் கீழே மடித்துத் தைக்கும் வேலை இல்லை. மடிப்புகளைக் கரைக்குச் சற்று மேலே, கட்டத்தின் கோட்டைப் பிடித்தே தைத்துச் சென்றால் சாக்குக்கட்டியும் வேண்டாம், கோணலும் வராது. மேற்புறத்தில் கொசுவம் வைத்து, கையில்லாத பருத்திப் பாடியுடன் இணைத்துவிடுங்கள். நாடா கட்டிய பாவாடை ஓடியாடும் குழந்தையின் இடுப்பில் நிற்பதில்லை.

மராட்டிய வீட்டின் பங்கான சட்டைக்கு, கர்நாடகத்தின் குளேதகுட்டாவில் நெய்யப்படும் ‘கண’ என்ற ரவிக்கைத் துணி பொருத்தமானது. அதன் சிறிய பூக்கள் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் ஒரே திசையில் நிமிர்ந்திருக்க வேண்டும். அதன் கரை கைவிளிம்பில் வர வேண்டும். கழுத்துக்கு மட்டும் மீந்த கூறைத் துணியைக் கிராஸாக வெட்டிப் பைப்பிங் வைப்பேன். இரு துணிகளும் கலக்க நான் அனுமதிக்கும் இடம் அது ஒன்றுதான்.

அடுத்த ஆடிப்பெருக்குக்குள் குழந்தை வளர்ந்திருந்தால், மேல் மடிப்பை மட்டும் பிரித்தால் 2 அங்குலம் இறங்கும். பிரித்த இடத்தில் தங்கும் கோடு தேய்த்தாலும் போகாது. அதன்மேல் மெல்லிய ஜரிகை நாடாவைக் கையால் தைத்து மறைத்துவிடலாம்.