மாஸ்டர்ஸ் நீச்சல்: சுவரை இரண்டு கையாலும் தொடுங்கோ

மாஸ்டர்ஸ் என்பது வயது வந்த ஆக்களுக்கான நீச்சல் போட்டி. யாழ்ப்பாணத்துக் கசூரினாக் கடலில் பழகின ஆக்களுக்கு மூச்சும் வேகமும் இருக்கும். திரும்புகிற இடத்தில்தான் சறுக்கும். கடலில் சுவர் இல்லையே.

மார்பு நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சி நீச்சலிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் சுவரில் பட வேண்டும். ஒரு கை முந்தினால் தகுதிநீக்கம். கெதியாகத் திரும்பும் அவசரத்தில் ஒரு பக்கத் தோள் முன்னமே சரிவதால்தான் இது நடக்கிறது.

கீரிமலைக் கேணியில் ஆக்கள் குறைந்த நேரம் பார்த்து, படியில்லாத பக்கச் சுவரைத் தெரிந்தெடுங்கோ. பாசி இருந்தால் கால் வழுக்கும், முதலில் தடவிப் பாருங்கோ. ஏழெட்டு மீற்றர் தூரத்திலிருந்து முழு வேகத்தில் வந்து தொடுங்கோ. தொட்ட பிறகே ஒரு முழங்கையைப் பின்னால் இழுத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கி, மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து உதையுங்கோ. எட்டுத் தரம், இடையில் 30 செக்கன் ஓய்வு. களைத்த பிறகு செய்யும் கடைசி மூன்றும்தான் முக்கியம்.

குதிக்கப் பயமா? மாஸ்டர்ஸ் விதிப்படி தண்ணீருக்குள் நின்றும் தொடங்கலாம்.