சாம்பல் திமிங்கிலங்களைக் கரையிலிருந்து பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவின் பாயின்ட் ரேயெஸ் முனைக்குச் சாம்பல் திமிங்கிலங்களைக் காண வருவோரில் பலர், ஒரு மணி நேரம் கடலையே பார்த்திருந்துவிட்டு ஏமாற்றத்துடன் திரும்புகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்திலேயே சில திமிங்கிலங்கள் அவர்கள் கண்ணெதிரே கடந்து போயிருக்கக்கூடும் என்பதுதான் எனக்கு வருத்தம்.

திமிங்கிலம் நீருக்கு வெளியே துள்ளி எழும் என்று காத்திருப்பது பொதுவான தவறு. நெடும்பயணத்தில் இருக்கும் திமிங்கிலம் அரிதாகவே துள்ளும். நாம் தேட வேண்டியது அதன் மூச்சை; 3 முதல் 4 மீட்டர் உயரத்துக்கு வெண்புகைபோல் எழும் அது சில நொடிகளில் கலைந்துவிடும். முதுகுத்துடுப்பு இந்த இனத்துக்குக் கிடையாது என்பதால் அதைத் தேடுவதும் வீண்.

வந்தவுடன் பைனாகுலரைக் கண்ணில் வைப்பதையே நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். அதில் கடலின் ஒரு சிறு துண்டு மட்டுமே தெரியும். வெறுங்கண்ணால் தொடுவானம் வரை மெதுவாகப் பார்த்து, மூச்சு எழுந்த இடத்தைக் குறித்துக்கொண்ட பிறகு அதை எடுத்தால் போதும்.

திமிங்கிலம் மூழ்கியதும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. பொதுவாக மூன்று முதல் ஐந்து முறை மூச்சுவிட்ட பின், அது மூன்று முதல் ஐந்து நிமிடம் மூழ்கியிருக்கும். மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், நான்கு நிமிடத்தில் அரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஆகவே மேற்கு நோக்கி நிற்பவர், அவை தெற்கே செல்லும் ஜனவரியில் இடப்புறமாகவும், வடக்கே திரும்பும் மார்ச்சில் வலப்புறமாகவும் பார்வையை நகர்த்த வேண்டும்.

கோடை விடுமுறையில் வருவோர் பருவத்தையே தவறவிடுகிறார்கள். அப்போது பெரும்பாலான சாம்பல் திமிங்கிலங்கள் ஆர்க்டிக் பகுதியில் இரை தேடிக்கொண்டிருக்கும். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா காயல்களை நோக்கித் தெற்கே செல்லும் கூட்டம் ஜனவரி நடுவிலும், திரும்பும் கூட்டம் மார்ச் நடுவிலும் உச்சத்தை எட்டுகின்றன. ஏப்ரல் இறுதியில் கன்றுகளுடன் வரும் தாய்கள் கரையை ஒட்டியே நீந்தும். அப்படி ஒரு தாய் மூழ்கியபின், அதன் வால் வீச்சால் நீர்ப்பரப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பான வட்டம் ஒன்று நெடுநேரம் கலையாதிருந்ததையும், கன்றின் சிறு மூச்சு அதனருகே எழுந்ததையும் கண்டிருக்கிறேன்.

பிற்பகலில் காற்று வலுத்தால் எங்கும் வெண்ணுரை எழுந்து மூச்சைப் பிரித்தறிய விடாது. மேற்கு வெயிலும் கண்ணைக் கூசச்செய்யும். காலையே ஏற்றது. கலங்கரை விளக்கத்துக்கு இறங்கும் 313 படிகளைக் காற்று மிகுந்தால் மூடிவிடுவார்கள் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பாறை விளிம்பில் மண் உதிரக்கூடியது என்பதால் வேலியைத் தாண்டக்கூடாது. ட்ரோன் பறக்கவிடுவதற்கும் அங்கே தடை உண்டு. 2016-இல் சுமார் 27,000 ஆக இருந்த இந்தத் திமிங்கிலங்கள் 2025-இல் சுமார் 13,000 ஆகக் குறைந்துவிட்ட நிலையில், கன்றுடன் செல்லும் தாயின் தலைக்குமேல் இரைச்சலிடும் கருவியை அனுப்புவதற்கு எந்தப் படமும் ஈடாகாது.