தைராய்டு: ரத்தக்குழாயையும் மூளையையும் மறந்து செய்யும் தவறுகள்

புதிதாக ப்ராக்டிஸ் தொடங்கிய பிள்ளைகள் சிலர் மாலையில் மஞ்சக்குப்பத்தில் என் கிளினிக்கில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கள் தலைமுறை அந்த வயதில் எழுதிய அதே தவறான சீட்டுகளை இவர்களும் எழுதுகிறார்கள். நோயாளியின் வீட்டாரும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுவதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

ஒரே நோயை மூன்றாகப் பிரித்து வைத்தியம் பார்ப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்த ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர். மருமகள் கூட்டி வந்தாள்.

"அத்தைக்கு ஞாபகமே நிக்கல டாக்டர். ஒண்ணு கேட்டா பதில் வர்றதுக்குள்ள நமக்கே மறந்துடும். வயசாயிடுச்சு, அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க."

பையில் பிரஷருக்கு, கொழுப்புக்கு, மறதிக்கு என்று மாத்திரைகள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் எழுதியது. தைராய்டு வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். ரிப்போர்ட் மட்டும் இல்லை.

குரல் கரகரத்தது. இமைகள் உப்பியிருந்தன. நாடி 54. பிரஷர் 140/100, அதாவது கீழ் அளவுதான் அதிகம் ஏறியிருந்தது. நாற்காலியில் முட்டி போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே தசைநாணில் சுத்தியலால் தட்டினேன். பாதம் சட்டென்று அசைந்தது. பழைய இடத்துக்குத் திரும்பத்தான் அவ்வளவு நேரம் எடுத்தது. தைராய்டு குறைவை அங்கேயே சொல்லிவிடலாம்.

டி4, டி3 இரண்டும் தைராய்டு ஹார்மோன்கள். டி3 ரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவும் உதவுகிறது. அது குறைந்தால் குழாய்கள் இறுகி, கீழ் பிரஷர் ஏறும். ரத்தத்திலிருந்து எல்.டி.எல். கொழுப்பை இழுத்துக்கொள்ளும் கல்லீரலின் வேலையும் மந்தமாகும். மூளையில் ஆஸ்ட்ரோசைட் செல்கள் டி4-ஐ டி3-ஆக மாற்றி நரம்பு செல்களுக்குத் தருகின்றன. அந்த வரத்து குறைந்தால் யோசனை தடுமாறும், மனச்சோர்வும் சேரும். வேர் ஒன்றுதான்.

கொடுமை என்னவென்றால், தைராய்டைச் சரிசெய்யாமல் கொழுப்புக்கு ஸ்டாட்டின் கொடுத்தால் தசை பாதிக்கப்படும் வாய்ப்பு கூடும். அந்த அம்மாவுக்குத் தொடை வலியில் படி ஏற முடியவில்லை. அதற்கும் வயதையே காரணம் சொல்லியிருந்தார்கள்.

தைராய்டு குறையக் குறைய டி.எஸ்.எச். ஏறும்; அவருக்கு 80-ஐத் தாண்டியிருந்தது. தைராய்டு மாத்திரையை 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றினோம். சில மாதங்களில் பிரஷர் இறங்கியது, கொழுப்பு குறைந்தது, மறதி மாத்திரையை நிறுத்தினோம். இப்போது மருமகளைப் பேசவிடாமல் அவரே பேசுகிறார். எல்லா மறதியும் இப்படித் திரும்பாது, அது உண்மை. ஆனால் மறதி நோய் என்று எழுதுவதற்கு முன் இந்த ஒரு ரத்தப் பரிசோதனையைக்கூடச் செய்யாமல் விடுவது பெரிய அநியாயம்.

முதியவருக்கு எடுத்த எடுப்பிலேயே 100 மைக்ரோகிராம்

இதயக் குழாயில் அடைப்பு இருந்தால் நெஞ்சுவலி வரும். குறைவாக ஆரம்பியுங்கள்.

எடை குறைய டோஸை ஏற்றுவது

அளவு மிஞ்சினால் இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும். அங்கே உறையும் ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இளைக்க நினைத்து இதில் போய் விழ வேண்டாம்.

இரண்டே வாரத்தில் மறு டெஸ்ட்

டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் பொறுங்கள்.

'நார்மல் ஆயிடுச்சு' என்று நிறுத்துவது

மாத்திரையால்தான் நார்மல்.

கர்ப்பத்தில் ஸ்கேன் வரை காத்திருப்பது

முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் ஹார்மோன்தான் ஆதாரம். குழந்தையின் சுரப்பி அப்போது வேலைக்குத் தயாராகியிருக்காது. ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு டோஸ் கூட்ட வேண்டியிருக்கும். நாள் தள்ளிப்போனதும் கர்ப்பமா என்று பாருங்கள், ஆம் என்றால் அந்த வாரமே டாக்டரிடம் போய் டி.எஸ்.எச். எடுத்துவிடுங்கள்.