பெரிய பக்கவாதத்துக்குப் பிறகு மூளை வீங்குகிறதா? கட்டிலருகே எக்கோ ப்ரோபை வைத்துப் பார்ப்பது எப்படி

மூளையின் ஒரு பாதிக்குப் பெரும்பகுதி ரத்தம் கொண்டுபோகும் எம்.சி.ஏ. தமனி முழுதாக அடைத்துக்கொண்ட நோயாளி ஐசியூவுக்கு வந்தால், முதல் நாள் சிடியைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். செத்த பகுதி வீங்கும், பெரும்பாலும் 2 முதல் 5 நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், மண்டை ஓடு விரியாது என்பதால் நல்லா இருக்கிற பாதியைத் தள்ள ஆரம்பிக்கும். கண்மணி விரிந்த பிறகு ஓடுவது ரொம்பத் தாமதம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு சிடி எடுத்தால் போச்சு என்பவர்கள், வென்டிலேட்டரில் இருப்பவரை ஒரு தடவை லிஃப்டில் ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும்.

நாம் அளக்கப் போவது மூளையின் நடுக்கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை. இதயத்தை ஸ்கேன் செய்யப் பயன்படுத்தும் அதே 2 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்ட் ப்ரோப் போதும். ஆழத்தை 14 முதல் 16 செ.மீ. வைத்து, காதுக்குச் சற்று முன்னால், கன்ன எலும்புக்கு மேலே நெற்றிப்பொட்டில் நிறைய ஜெல் போட்டு வையுங்கள், ப்ரோபின் குறி கண் பக்கம் இருக்கட்டும். முதலில் எதிர்ப்பக்க மண்டை ஓடு வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும். அது தெரியாமல் வேறு எதையும் தேடாதீர்கள். அப்புறம் நடுவில் பட்டாம்பூச்சி மாதிரி கறுப்பாக ஒன்று, அதுதான் மிட்பிரெயின், அதாவது மூளைத்தண்டின் மேல்பகுதி. அங்கிருந்து ப்ரோபை லேசாக, 10 டிகிரி அளவுக்கு, மேல்நோக்கிச் சாய்த்தால் இரண்டு வெள்ளைக் கோடுகளும் இடையில் ஒரு கறுப்பு இடைவெளியும் வரும். அதுதான் மூன்றாவது வென்ட்ரிக்கிள், மூளையின் நடுக்கோட்டில் இருக்கும் திரவ அறை. படத்தை நிறுத்தி, ப்ரோபிலிருந்து அதன் நடுவரை அளந்துகொள்ளுங்கள்.

மறுபக்கமும் அதே மாதிரி. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, 2ஆல் வகுக்க வேண்டும். வலது பாதி வீங்கியவருக்கு வலப்பக்கத்திலிருந்து 7.4 செ.மீ., இடப்பக்கத்திலிருந்து 6.6 என்று வைத்துக்கொள்வோம்: வித்தியாசம் 8 மி.மீ., நகர்வு 4 மி.மீ. வகுக்க மறந்து 8 என்று எழுதி, நியூரோசர்ஜனை நடுராத்திரி எழுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இரண்டு பக்கமும் ஒரே இடம், ஒரே சாய்வு முக்கியம். ஒரு பக்கம் தலைத்தோல் வீங்கியிருந்தாலோ எலும்பை ஏற்கெனவே எடுத்திருந்தாலோ இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

சரி, எவ்வளவு வந்தால் பயப்படுவது? 2001இல் 42 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்த 16ஆவது மணியில் 2.5, 24இல் 3.5, 32இல் 4, 40இல் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் நகர்ந்தவர்கள் மூளை பிதுங்கி இறந்தார்கள். சின்ன ஆய்வு, ஆகவே இந்த எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். என்னைக் கேட்டால் ஒரு தடவை வந்த 3 மி.மீ.யைவிட, காலையில் 1 இருந்தது சாயங்காலம் 3 ஆனதுதான் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது. அப்போது உடனே சிடி, கையோடு நியூரோசர்ஜனுக்கு ஃபோன். ஏனென்றால் மண்டை ஓட்டைத் திறக்கும் அறுவைக்கு நேரம் குறைவு: 60 வயது வரையுள்ளவர்களுக்கு 48 மணிக்குள் செய்தபோது, ஓராண்டில் உயிரோடிருந்தவர்கள் 78 சதவீதம், செய்யாதவர்களில் 29. மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்து 2007இல் வந்த கணக்கு இது. பிழைத்தாலும் ஊனம் மிஞ்சலாம், அதை வீட்டாரிடம் மறைக்காமல் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறை அகலமாகும், அதனால் கண் வழியாகவும் பார்க்கலாம். மூடிய இமைமேல் ஜெல், லீனியர் ப்ரோப் (மேலோட்டமான பகுதிகளைப் பார்க்கும் தட்டையான ப்ரோப்), துளியும் அழுத்தாமல். மெஷினில் கண்ணுக்கான செட்டிங் கட்டாயம், ஒலி அலையின் வீரியத்தைக் காட்டும் மெக்கானிக்கல் இன்டெக்ஸ் 0.23ஐத் தாண்டக் கூடாது. விழிக்கோளத்துக்கு 3 மி.மீ. பின்னால் பார்வை நரம்பின் உறை எவ்வளவு அகலம் என்று இரண்டு கண்ணிலும் அளப்பது. 5க்கும் 6 மி.மீ.க்கும் இடையே ஆளுக்கொரு எல்லை சொல்கிறார்கள் என்பதால் இதை நான் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

சிலருக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, பொட்டெலும்பு வழியாக ஒன்றுமே தெரியாது. பத்து நிமிஷம் போராடியும் எதிர்ப்பக்க எலும்பு வரவில்லையா, விட்டுவிட்டு சிடிக்கு அனுப்புங்கள். தெரிந்த மாதிரி ஒரு எண்ணை மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதிவிடாதீர்கள்.